மார்க்கெட் செய்தியோட கிளாஸுக்குப் போறவங்களுக்கு: வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல, ஃபைனான்ஸ் பாடத்த அன்னன்னிக்கு வர்ற மார்க்கெட் செய்திய வச்சு நடத்தலாமேன்னு போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டு விட்டுட்டேன். அதுக்கு வந்த கேள்விகளே இந்த இதழ் முழுக்கப் போதும்னு ஆயிடுச்சு. சொல்லிக்குடுக்கறவங்க, படிக்கறவங்க ரெண்டு பக்கமும் எழுதியிருக்காங்க. பேர் வேணாம்னு நெறய பேர் கேட்டதால யார் பேரும் போடல.

கேள்வி: யுனிவர்சிட்டில மொத வருஷத்துக்கு ஃபைனான்ஸ் எடுக்கறேன் சார். ஒவ்வொரு கிளாஸையும் பத்து நிமிஷம் அன்னிக்குச் செய்தியோட ஆரம்பிக்கறேன். பசங்க நல்லாதான் பேசறாங்க, ஆனா பேச்சு எங்கயோ போயிடுது, பத்து நிமிஷம் அரை மணி ஆகுது, கடைசில பாடத்துக்கு நேரமே இல்ல. விட்டுடலாமா?

பதில்: விட வேணாம் மேடம், வரிசைய மட்டும் மாத்துங்க. இப்ப நீங்க காலைல எது பெரிய செய்தியோ அதக் கொண்டுவந்து போட்டு, இதுல என்ன பாடம் இருக்குன்னு கிளாஸோட சேந்து தேடறீங்க. அப்படித் தேடினா எல்லாப் பாடமும் துளித்துளி கெடைக்கும், ஒண்ணுகூட முழுசா கெடைக்காது. இன்னிக்கு நடத்தப் போறது என்னங்கறத மொதல்ல முடிவு பண்ணுங்க, அப்பறம் அதுக்கு ஒரே ஒரு செய்தி தேடுங்க. அது இன்னிக்கு வந்ததா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, போன மாசத்துது இருக்கலாம், அஞ்சு வருஷம் பழசுகூட இருக்கலாம்.

அப்பறம், செய்திய முழுசா வாசிச்சுக் காட்டாதீங்க. முடிவ மறைச்சு பாதிய மட்டும் சொல்லுங்க. ரெண்டு நிமிஷம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது, அவங்கவங்க பதில பேப்பர்ல எழுதணும். உதாரணமா இண்டெக்ஸ் பத்தி நடத்தப் போறீங்கன்னா இது: 2020 ஆகஸ்ட் கடைசில ஆப்பிள் ஒரு ஷேர நாலாப் பிரிச்சுது, 500 டாலர் பக்கம் இருந்த ஷேர் 125 பக்கம் வந்துச்சு. கம்பெனியோட மொத்த மதிப்பு என்ன ஆகும், எஸ் அண்ட் பி 500, டவ் ஜோன்ஸ்னு அமெரிக்காவோட ரெண்டு பெரிய ஷேர் இண்டெக்ஸ் இருக்கே, மொதல்ல சொன்னதுல அதோட வெயிட் (இண்டெக்ஸ்ல அதுக்கு இருக்கற எடை) என்ன ஆகும், டவ் ஜோன்ஸ்ல என்ன ஆகும்? மொத ரெண்டுலயும் பிரிச்சதால மாற்றம் இல்லன்னு பாதிப் பேர் சரியா எழுதிடுவாங்க. மூணாவதுல மாட்டுவாங்க. டவ் ஷேர் விலைய வச்சு வெயிட் போடற இண்டெக்ஸ், அதனால ஒண்ணுமே நடக்காத அந்தக் கம்பெனியோட வெயிட் அங்க மட்டும் சடார்னு சரிஞ்சுது. ஐடி கம்பெனிங்களோட வெயிட் கொறஞ்சுதேன்னு அதே நேரத்துல எக்ஸான் மொபில வெளிய அனுப்பிட்டு சேல்ஸ்ஃபோர்ஸ உள்ள கொண்டுவந்தாங்க, கூடவே இன்னும் ரெண்டு கம்பெனியும் மாறுச்சு. எழுதின பேப்பர் கையில இருக்கறதால 'எனக்கு அப்பவே தெரியும்'னு யாராலயும் நழுவ முடியாது, பேச்சும் அந்த மூணு கேள்வியத் தாண்டிப் போகாது.

இன்னும் ஒண்ணு இருக்கு, எனக்கு இதுதான் முக்கியம். ஹெட்லைன் எப்பவும் ஒரு காரணத்தோடதான் வரும். காலைல மார்க்கெட் ஏறினா வட்டி கொறையும்ங்கற நம்பிக்கைன்னு போடுவாங்க, சாயங்காலம் எறங்கிட்டா அதே வட்டி பத்தின கவலைன்னு போடுவாங்க, அதே ஆளு எழுதியிருப்பாரு. இதப் படிச்சே வளர்ற ஸ்டூடன்ட் எதுக்கும் ஒரு காரணம் சொல்லிடலாம்னு நெனைக்கப் பழகிடறான். நான் கேக்கற கேள்வி வேற: இந்தச் செய்தில யாராவது வித்தே தீரணும், இல்ல வாங்கியே தீரணும்ங்கற கட்டாயத்துல இருந்தாங்களா? இருந்தாங்கன்னா அது பாடத்துக்கு ஏத்த செய்தி, ஏன்னா கட்டாயத்துக்குப் பின்னாடி ஒரு ஒப்பந்தமோ ஒரு விதியோ ஒரு கணக்கோ கண்டிப்பா இருக்கும், அத எடுத்துக் காட்டலாம். எந்தக் கட்டாயமும் இல்லாம அரை சதவீதம் ஏறி எறங்கின நாளுக்குக் காரணம் தேடறது வெட்டி வேல.

கேள்வி: நான் ஸ்டூடன்ட். ஒரு கம்பெனி நல்ல லாபம் காட்டுது, மறுநாள் ஷேர் விழுது. கேட்டா 'எதிர்பார்ப்பு'ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடறாங்க. அப்ப விலைங்கறது வெறும் மனநிலதானா?

பதில்: உங்க எரிச்சல் நியாயம்தான், எதிர்பார்ப்புங்கற சொல்ல வாத்தியாருங்க ரொம்ப சல்லிசா செலவு பண்றாங்க. அதுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு, அதப் போட்டுப் பாத்தாதான் புரியும்.

2022 பிப்ரவரி 2ஆம் தேதி ஃபேஸ்புக்கோட தாய்க் கம்பெனி மெட்டா தன்னோட காலாண்டு ரிசல்ட்ட வெளியிட்டுச்சு. மூணு மாசத்துக்கு 1,000 கோடி டாலருக்கு மேல லாபம். மறுநாள் ஷேர் 26 சதவீதம் விழுந்துச்சு, ஒரே நாள்ல சுமார் 23,000 கோடி டாலர் மதிப்பு காணாமப் போச்சு. ரிசல்ட்டுக்குள்ள போய்ப் பாத்தா, ஃபேஸ்புக்க தினமும் பயன்படுத்தறவங்க எண்ணிக்க மொத தடவையா முந்தின காலாண்ட விடக் கொறஞ்சிருந்துச்சு, அடுத்த காலாண்டு வருமானத்துக்குக் கம்பெனி குடுத்த கணிப்பும் மார்க்கெட் நெனச்சதுக்குக் கீழ இருந்துச்சு.

இப்ப கால்குலேட்டர எடுங்க. ஒரு கம்பெனி அடுத்த வருஷம் 10 ரொக்கம் குடுக்கும், அது வருஷா வருஷம் 6 சதவீதம் வளரும், உங்களுக்கு வேண்டிய வருமானம் 10 சதவீதம். வேண்டிய 10ல இருந்து வளர்ச்சி 6 போனா மிச்சம் 4 சதவீதம், அதால வகுக்கணும்: மதிப்பு 10 வகுத்தல் 0.04, அதாவது 250. வளர்ச்சி 6 இல்ல, நாலரதான்னு வச்சுக்கோங்க. 10 வகுத்தல் 0.055, கிட்டத்தட்ட 182. அடுத்த வருஷம் கைக்கு வர்ற 10ல ஒரு பைசா மாறல, மதிப்பு மட்டும் 27 சதவீதம் போயிடுச்சு. இது மெட்டாவோட கணக்குன்னு சொல்ல வரல, அந்த அளவு சரிவுக்கு யாரும் பைத்தியம் ஆக வேண்டியதில்ல, வளர்ச்சி பத்தின நம்பிக்க ஒன்னரப் பாயிண்ட் கொறஞ்சாலே போதும்னு காட்டத்தான் போட்டேன். நேத்து சம்பாதிச்சது ஏற்கெனவே விலைல இருக்கு, ரிசல்ட் அன்னிக்கு மாறறது இனிமே வரப்போற வருஷங்கள் பத்தின கணக்கு.

மனநிலைக்கு எடமே இல்லையான்னா இருக்கு. அந்த ஒன்னரப் பாயிண்ட் சரியா தப்பாங்கறதுலதான் அது ஒளிஞ்சிருக்கு.

கேள்வி: பாண்ட் (கடன் பத்திரம்)னா கிளாஸே தூங்குது. ஷேர் பத்திப் பேசினா முழிக்கறாங்க. டியூரேஷன், வட்டி ரிஸ்க் எல்லாம் எந்தச் செய்திய வச்சு நடத்தறது?

பதில்: சிலிக்கான் வேலி பேங்க்ங்கற அமெரிக்க பேங்க் கவுந்தது, 2023 மார்ச். இத விட நல்ல கேஸ் எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா பேர மொதல்லயே சொல்லிடாதீங்க.

மொதல்ல வெறும் கணக்கு. முக மதிப்பு 100, வருஷ வட்டி ஒன்னர சதவீதம், பத்து வருஷ பாண்ட், குடுத்தது அரசாங்கம், பணம் வராதுங்கற பயமே இல்ல. வாங்கின கொஞ்ச நாள்ல வெளிய வட்டி 4 சதவீதம் ஆயிடுச்சு. இத உங்ககிட்ட இருந்து யாரு 100க்கு வாங்குவா? யாரும் மாட்டாங்கன்னு உடனே சொல்லிடுவாங்க. அப்ப எவ்வளவுக்கு வாங்குவாங்க? போட்டுப் பாத்தா 80க்குக் கொஞ்சம் கீழ வரும். அதே பாண்ட் ரெண்டே வருஷத்துல முடியறதா இருந்தா? 95 சொச்சம். ஒண்ணுல இருபது போச்சு, இன்னொண்ணுல அஞ்சுகூடப் போகல. வட்டி மாறினா விலை எவ்வளவு ஆடும்னு சொல்ற இந்த அளவுக்கு டியூரேஷன்ங்கற பேர இப்பதான் போர்டுல எழுதணும், முன்னாடியே எழுதினீங்கன்னா ஃபார்முலாவக் காப்பி அடிச்சுட்டுத் தூங்கப் போயிடுவாங்க.

அதுக்கப்பறம் கதைக்கு வாங்க. 2019 கடைசில அந்த பேங்க்ல டெபாசிட் 6,200 கோடி டாலர் பக்கம், 2021 கடைசில 18,900 கோடி. ரெண்டு வருஷத்துல மூணு மடங்கு. அவ்வளவு வேகமா கடன் குடுக்க முடியாது, அதனால நெறயப் பணத்த நீண்ட கால அமெரிக்க அரசு பாண்ட்லயும், அரசு ஆதரவு இருக்கற வீட்டுக் கடன் பத்திரங்கள்லயும் போட்டாங்க. வட்டி அப்ப தரைல கெடந்துச்சு. 2022 மார்ச்ல இருந்து அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் ஏத்த ஆரம்பிச்சு ஒரு வருஷத்துல பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருந்து நாலரைக்குக் கொண்டுபோச்சு. நீங்க இப்பதான் போட்ட அந்த 80 கணக்குதான் பேங்க்குக்கும் நடந்துச்சு.

இங்க ஒரு எடத்துல நின்னு நிதானமா நடத்துங்க. முதிர்ச்சி வரைக்கும் வச்சிருக்கப் போறோம்னு ஒதுக்கின பாண்டுகளோட விலை விழுந்தாலும் அந்த நஷ்டத்த லாப நஷ்டக் கணக்குல காட்ட வேண்டியதில்ல, குறிப்புல போட்டாப் போதும். 2022 கடைசில அப்படிக் குறிப்புல இருந்த நஷ்டம் சுமார் 1,500 கோடி டாலர், பேங்கோட மொத்த ஈக்விட்டி, அதாவது சொந்த மூலதனம், சுமார் 1,600 கோடி. ரெண்டு நம்பரும் ஒரே ஆண்டறிக்கைல இருந்துச்சு, ரகசியம் ஒண்ணும் இல்ல. இதச் சொன்னதும் கிளாஸ்ல ஒருத்தராவது 'அப்ப யாருமே படிக்கலையா'ன்னு கேப்பாங்க, கேக்கணும், அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும்.

மார்ச் 8: 2,100 கோடி டாலர் பத்திரங்கள வித்துட்டோம், 180 கோடி நஷ்டம், புதுசா மூலதனம் திரட்டப் போறோம்னு பேங்க் அறிவிச்சுது. மார்ச் 9: ஒரே நாள்ல 4,200 கோடி டாலர எடுத்தாங்க. மார்ச் 10: மூடியாச்சு. ஏன் இவ்வளவு வேகம்? டெபாசிட்ல 90 சதவீதத்துக்கு மேல 2,50,000 டாலர் இன்ஷூரன்ஸ் வரம்பத் தாண்டினது. மொதல்ல ஓடறவனுக்கு முழுப் பணம், கடைசில நிக்கறவனுக்கு என்ன கெடைக்கும்னே தெரியாதுன்னா எல்லாரும் ஓடத்தான் செய்வாங்க. முதிர்ச்சி வரைக்கும் வச்சிருப்போம்ங்கற பேச்சு, டெபாசிட் போட்டவங்க பொறுமையா இருக்கற வரைக்கும்தான். வித்தே தீரணும்ங்கற கட்டாயம் வந்த நிமிஷம் குறிப்புல இருந்த நஷ்டம் நிஜ நஷ்டம் ஆயிடுது.

பணம் திரும்பி வராதுங்கற ரிஸ்க் வேற, விலை மாறற ரிஸ்க் வேற, ரொக்கம் கையில இல்லாத ரிஸ்க் வேற. மூணையும் ஒரே செய்தில தனித்தனியாப் பிரிச்சுக் காட்ட முடியுது. அதான் இத அடிச்சு சொல்றேன். நேரம் இருந்தா மறு வாரம் 2022 செப்டம்பர் பிரிட்டன் கதைய எடுங்க: செப்டம்பர் 23 மினி பட்ஜெட், அரசு பாண்ட் விலை சரிவு, கடன் வாங்கி பாண்ட் வச்சிருந்த பென்ஷன் ஃபண்டுகளுக்கு மார்ஜின் கால் (ஈட்டுப் பணம் இன்னும் கட்டுன்னு வர்ற உத்தரவு), பணம் கட்ட அதே பாண்டையே விக்கறாங்க, விக்க விக்க இன்னும் சரியுது, 28ஆம் தேதி பேங்க் ஆஃப் இங்கிலாந்து உள்ள வந்து வாங்குது. இங்கயும் யாரு கட்டாயத்துல இருந்தாங்கன்னு கேளுங்க, பதில் அவங்களே சொல்லிடுவாங்க.

கேள்வி: எங்க டிபார்ட்மெண்ட்ல ஒவ்வொரு செமஸ்டரும் விர்ச்சுவல் டிரேடிங் போட்டி வைக்கறோம், அதிக லாபம் காட்டறவங்களுக்கு மார்க். செய்தியோட படிக்க இது நல்ல வழிதானே?

பதில்: இல்லைங்க. எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது, கொஞ்சம் கடுப்பாவே சொல்றேன்.

தோத்தா ஒண்ணும் போகாது, ஜெயிச்சா மார்க். இப்படி ஒரு விதி வச்சீங்கன்னா புத்திசாலிப் பையன் என்ன பண்ணுவான்? இருக்கறதுலயே அதிகமா ஆடற ஒரு ஷேர்ல மொத்தத்தையும் போடுவான், ஏன்னா நடுவுல வந்தாலும் கடைசில வந்தாலும் அவனுக்கு ஒண்ணுதான். நீங்க டைவர்சிஃபிகேஷன், அதான் பணத்தப் பல எடத்துல பிரிச்சுப் போடறது, நடத்திட்டு, அதச் செஞ்சவனுக்குப் பூஜ்யம் போடறீங்க. இந்தப் போட்டியோட விதிமுறையே ஒரு கால் ஆப்ஷன் (விலை ஏறினா லாபம், எறங்கினா போட்ட சின்னத் தொகை மட்டும் போற ஒப்பந்தம்) மாதிரிதான், அதனால ஏற்கெனவே நடத்தி முடிச்சுட்டீங்கன்னா அதையே ஒரு கிளாஸா எடுங்க: ஜெயிச்சவரோட போர்ட்ஃபோலியோல எத்தன ஷேர் இருந்துச்சு, கடைசியா வந்தவரோடதுல எத்தன இருந்துச்சுன்னு. அனேகமா ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் ஆடியிருப்பாங்க.

அதுக்குப் பதிலா கணிப்பு நோட்டு வைக்கச் சொல்லுங்க. அடுத்த ஃபெட் மீட்டிங்ல வட்டி மாறுமா, இந்தக் கம்பெனி ரிசல்ட்டுக்கு மறுநாள் ஷேர் 5 சதவீதத்துக்கு மேல நகருமா, இப்படி ஆமா இல்லன்னு முடியற கேள்விகள். பதிலுக்கு ஒரு சதவீதம் எழுதணும், கூடவே ரெண்டு வரி காரணம். 70ன்னு எழுதி அது நடந்தா 0.3ஓட வர்க்கம், நடக்கலைன்னா 0.7ஓட வர்க்கம், செமஸ்டர் முடிவுல சராசரி எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. ப்ரையர் ஸ்கோர்னு பேரு, வானிலைக் கணிப்புக்காக 1950ல வந்தது. எல்லாத்துக்கும் 95, 100ன்னு எழுதற ஆளுங்க சீக்கிரமே அடங்கிடுவாங்க.

கேள்வி: 30 வருஷம் ஃபைனான்ஸ் நடத்தினவன் நான். செய்தி, கேஸ்னு போய் இந்தத் தலைமுறைக்குக் கணக்கே வராம போச்சு. செய்தி மறந்துடும், ஃபார்முலா நிக்கும். என்ன சொல்றீங்க?

பதில்: ஐயா, பாதி ஒத்துக்கறேன், நீங்க சொன்னத விட ஒரு படி மேலயே போறேன். சில பாடத்தச் செய்திய வச்சு நடத்தவே முடியாது, நடத்தினா தப்பாப் போகும். டைவர்சிஃபிகேஷன் வேல செஞ்சுதுன்னா அன்னிக்கு ஒண்ணும் நடக்காது. ஒண்ணும் நடக்காதது எப்படி செய்தியாகும்? கூட்டு வட்டி முப்பது வருஷம் சத்தமில்லாம வேல செய்யுது, அத எந்த ஹெட்லைனும் எழுதாது. கவுந்த பேங்க் செய்தில வரும், அதே வட்டி உயர்வ ஹெட்ஜ் பண்ணி (நஷ்டத்துக்கு முன்கூட்டியே பாதுகாப்பு எடுத்து) சமாளிச்ச பேங்க் வராது. செய்திய மட்டுமே வச்சு நடத்தினா, உலகத்துல தெனம் ஏதாவது இடிஞ்சு விழுதுன்னுதான் பசங்க நெனைப்பாங்க.

ஆனா ஃபார்முலா நிக்கும்ங்கறதுல எனக்குச் சந்தேகம். பரீட்ச வரைக்கும் நிக்கும். பாண்ட் விலைச் சூத்திரத்த மனப்பாடமா எழுதற ஸ்டூடன்ட்கிட்ட, ஆஸ்திரியா 2020ல 0.85 சதவீத வட்டிக்கு நூறு வருஷ பாண்ட் வித்துச்சே, ரெண்டு வருஷத்துல உலகம் பூரா வட்டி ஏறினதும் அதோட விலை பாதிக்கும் கீழ போச்சே, எப்படின்னு கேளுங்க. நெறய பேர் ஆஸ்திரியா திவாலாகப் போகுதோன்னுதான் ஆரம்பிக்கறாங்க. சூத்திரம் அவங்க கையிலதான் இருக்கு, அத எங்க வைக்கணும்னு தெரியல. எனக்குச் செய்தி அதுக்குத்தான் வேணும்.

கேள்வி: ஸ்லைடு எல்லாம் ஒரே வருஷத்துல பழசாயிடுது. ஒவ்வொரு செமஸ்டரும் புதுச் செய்தி தேடியே ஓய்ஞ்சு போறேன்.

பதில்: எல்லாத்தையும் மாத்தாதீங்க. ஒவ்வொரு கான்செப்டுக்கும் ஒரு நிலையான பழைய செய்தி, அதோட பக்கத்துல மாறிட்டே இருக்கற ஒரு புதுச் செய்தி. பழசுல என்ன நடந்துச்சுன்னு முழுசாத் தெரியும், விசாரணை அறிக்கைகூட வந்திருக்கும். புதுசுல யாருக்கும் ஒண்ணும் தெரியாது, உங்களுக்கும் சேத்து, அந்தப் பயமும் கிளாஸுக்கு வேணும்.

ஃபியூச்சர்ஸுக்கு, அதாவது பின்னாடி ஒரு தேதில வாங்க விக்க இன்னிக்கே விலை பேசற ஒப்பந்தத்துக்கு, என்னோட நிலையான செய்தி 2020 ஏப்ரல் 20. டபிள்யூடிஐங்கற அமெரிக்கக் கச்சா எண்ணெயோட மே மாச கான்ட்ராக்ட் மைனஸ் 37.63 டாலர்ல முடிஞ்சுது. எண்ணெய எடுத்துட்டுப் போ, காசும் தர்றேன். அதே நாள் ஜூன் கான்ட்ராக்ட் 20 டாலருக்கு மேல. ஒரே எண்ணெய், ஒரு மாச வித்தியாசம், நடுவுல 50 டாலருக்கு மேல இடைவெளி, எப்படி? மே கான்ட்ராக்ட் மறுநாள் முடியுது, கையில வச்சிருக்கறவன் ஓக்லஹோமால இருக்கற குஷிங்ல போய் எண்ணெய எடுத்துக்கணும், அங்க டேங்க்ல எடமில்ல, இருக்கற எடத்தையும் முன்னாடியே பேசி வச்சுட்டாங்க. எண்ணெயே தேவைப்படாத நிதி ஆளுங்க வித்தே தீரணும், வாங்க ஆளில்ல. எண்ணெய் மதிப்பில்லாம போச்சுன்னு அப்ப வந்த ஹெட்லைன்களப் போட்டுக் காட்டி எது தப்புன்னு கேளுங்க. அன்னிக்கு விலை போனது எண்ணெய்க்கு இல்ல, வைக்கற எடத்துக்கு.

கேள்வி: எது நடந்தாலும் பசங்க 'பெரிய ஆளுங்களோட சதி'ன்னு முடிச்சுடறாங்க. கேம்ஸ்டாப் எடுத்தேன், கிளாஸே கலவரம் ஆயிடுச்சு.

பதில்: கலவரம் ஆகட்டும், கேம்ஸ்டாப்ங்கற அந்த அமெரிக்க வீடியோ கேம் கடைக் கம்பெனி நல்ல செய்திதான். 2021 ஜனவரில அந்த ஷேர்ல வெளிய புழங்கற எண்ணிக்கைய விட ஷார்ட் பண்ணது, அதாவது விலை எறங்கும்னு நம்பி ஷேர கடன் வாங்கி வித்தது, அதிகமா இருந்துச்சு, விலை ஏற ஏற ஷார்ட் பண்ணவங்க நஷ்டத்த நிறுத்த வாங்கியே தீரணும், வாங்க வாங்க இன்னும் ஏறும். இது வரைக்கும் எல்லாருக்கும் புரியும். சண்ட வர்றது ஜனவரி 28ல, ஷேர் வாங்கி விக்கற ஆப் ராபின்ஹூட்டும் இன்னும் சில புரோக்கருங்களும் புதுசா வாங்கறத நிறுத்தினாங்களே அங்க.

அங்கதான் யாரும் நடத்தாத பாடம் இருக்கு: செட்டில்மெண்ட். வாங்கற பட்டன அமுக்கினதும் டிரேடு முடியறதில்ல, அப்ப ரெண்டு நாள் ஆகும். அந்த ரெண்டு நாளுக்குள்ள யாராவது கவுந்துட்டா என்ன பண்றதுன்னு கிளியரிங் அமைப்பு புரோக்கர்கிட்ட டெபாசிட் கேக்கும், விலை பேயாட்டம் ஆடினா இன்னும் அதிகமா கேக்கும். அன்னிக்கு விடிகாலைல ராபின்ஹூட்கிட்ட கேட்டது சுமார் 300 கோடி டாலர், அப்பறம் கொறச்சாங்க. இதச் சொன்னதும் சதின்னு சொன்னவங்க எல்லாரும் மனசு மாறிடுவாங்கன்னு நெனைக்காதீங்க, மாற மாட்டாங்க. ஆனா இனிமே சதின்னு சொல்றதா இருந்தா இந்தக் கணக்குக்கும் பதில் சொல்லிட்டுத்தான் சொல்லணும். அமெரிக்கால 2024 மே 28ல இருந்து அந்த ரெண்டு நாள் ஒரு நாளாச்சு, அதனால டெபாசிட் தேவை என்னாகும்னு வீட்டுப் பாடமாக் குடுங்க.

கேள்வி: மார்க்கெட் எல்லாத் தகவலையும் விலைல காட்டிடுதுன்னு ஒரு சாப்டர், பித்துப்பிடிச்சு ஆடுதுன்னு அடுத்த சாப்டர். எத நம்பறது?

பதில்: 2013ல பொருளாதார நோபல் யூஜின் ஃபாமாவுக்கும் ராபர்ட் ஷில்லருக்கும் சேத்தே குடுத்தாங்க, கூட லார்ஸ் பீட்டர் ஹேன்சனும் இருந்தாரு. மொத ஆளு மொத சாப்டர், ரெண்டாவது ஆளு ரெண்டாவது சாப்டர். குறுகிய காலத்துல அடுத்து எங்க போகும்னு சொல்றது ரொம்பக் கஷ்டம், பல வருஷ அளவுல விலை கம்பெனிங்க குடுக்கற டிவிடெண்ட விட அதிகமா ஆடுது. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம். பரீட்சைல எந்தக் கால அளவப் பத்திக் கேக்கறாங்கன்னு பாத்து எழுதுங்க.

கேள்வி: செய்திய வச்சுப் பரீட்சக் கேள்வி எப்படி எடுக்கறது? கருத்துக் கேட்டா எல்லாரும் கத எழுதறாங்க.

பதில்: கருத்தே கேக்காதீங்க, நம்பரக் கேளுங்க, அப்பறம் அந்த நம்பருக்கு அர்த்தம் கேளுங்க. 2024 ஆகஸ்ட் 5, ஜப்பானோட நிக்கேய் இண்டெக்ஸ் 12.4 சதவீதம் விழுந்துச்சு, 1987க்கு அப்பறம் அவ்வளவு பெரிய ஒரு நாள் சரிவு இல்ல. மறுநாள் 10.2 ஏறுச்சு. ரெண்டு நாளும் சேந்து எவ்வளவு நஷ்டம்? கழிச்சு 2.2ன்னு எழுதறவங்க நீங்க நெனைக்கறத விட ஜாஸ்தி. 0.876ஐ 1.102ஆல பெருக்கினா 0.965, அதாவது மூன்றரப் பக்கம். ரெண்டாம் பகுதில, 'சரிவுக்குக் காரணம் ஜப்பான் வட்டி உயர்வு'ங்கற ஹெட்லைனக் குடுத்து, வட்டி ஏத்தினது ஜூலை 31, அதுவும் 0.25க்குத்தான், இடைல அமெரிக்க வேலைவாய்ப்பு நம்பரும் மோசமா வந்துச்சு, மறுநாளே பெரும்பகுதி திரும்பிடுச்சு, இந்த ஹெட்லைன எவ்வளவு நம்பலாம், கொறஞ்ச வட்டிக்கு ஜப்பான் பணமான யென்னக் கடன் வாங்கி வேற எடத்துல போட்டவங்கள்ல யாரு அதத் திருப்பியே தீரணும்னு கேளுங்க. அதுக்கு அரைப் பக்கம் போதும், அதுக்கு மேல எழுதினா மார்க் இல்லன்னு போட்டுடுங்க.

கேள்வி: செய்தி நடத்தினாலே 'எந்த ஷேர் வாங்கலாம் மேடம்'னு கேக்கறாங்க.

பதில்: சொல்லாதீங்க. சொன்னது ஏறினா உங்க பாடத்தக் கேக்க மாட்டாங்க, எறங்கினா உங்களையே கேக்க மாட்டாங்க. கேக்கறவர்ட்ட, அத உங்களுக்கு விக்கறவருக்கு என்ன தெரிஞ்சு விக்கறாருன்னு நெனைக்கறீங்கன்னு திருப்பிக் கேளுங்க.

கேள்வி: காசு கட்டற செய்தித் தளம் எதுவும் எங்களுக்கு இல்ல. ஏஐ சுருக்கத்தத்தான் பசங்க கொண்டுவர்றாங்க.

பதில்: சுருக்கம் கொண்டுவரட்டும், ஆனா அதுல இருக்கற ஒவ்வொரு நம்பரும் எந்த மூலத்துல எந்தப் பக்கத்துல இருக்குன்னு பக்கத்துலயே எழுதியிருக்கணும், இல்லன்னா கிளாஸ்ல அத எடுக்காதீங்க. மூலம் எல்லாம் இலவசம்தான். அமெரிக்கக் கம்பெனிங்களோட அறிக்கைகள் அங்க ஷேர் மார்க்கெட்டக் கண்காணிக்கற எஸ்இசியோட எட்கர் தளத்துல இருக்கு, வட்டி, விலைவாசி, வேலைவாய்ப்பு நம்பரெல்லாம் செயிண்ட் லூயிஸ் ஃபெட்டோட ஃப்ரெட் தளத்துல இருக்கு, ஒவ்வொரு மத்திய வங்கியும் தன்னோட அறிக்கைய அன்னிக்கே போட்டுடுது. ஃபெட் மீட்டிங் முடிஞ்சதும் வர்ற அறிக்கை ஒரு பக்கம்தான். அத போன மீட்டிங் அறிக்கையோட பக்கத்துல வச்சு, எந்தெந்த வாக்கியம் மாறியிருக்குன்னு பேனாவால கோடு போடச் சொல்லுங்க, அன்னிக்கு வந்த செய்தி எதையும் படிக்கறதுக்கு முன்னாடி.